பேசும் மணிக்கூடும் பேசாத நானும்

பக்கத்து வீட்டில் ஒரு குரல் பத்து, ஒன்பது, எட்டு என்று இறங்கி எண்ணுவது கேட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? அதுவும் திருகோணமலையில்... அதுவும் இந்தக் காலத்தில்?

குண்டுதான் என்று நான் பின்வேலிப் பக்கம் ஓடினேன்.

எண்ணி முடிந்தது. 'பீப்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். மறுபடி எண்ணத் தொடங்கவே, கோபத்தோடு போய்ப் பார்த்தேன்.

பாலன் அண்ணர் கம்ப்யூட்டர் முன்னால் கதிரையில் இருந்தார். பார்வை இல்லாதவர்; முன்பு டெலிபோன் ஒப்பரேட்டர். கையில், அமத்தினால் நேரம் சொல்லும் மணிக்கூடு. கம்ப்யூட்டர் எண்ணி முடித்து 'பீப்' அடிக்கிற கணத்தில் பொத்தானை அமத்தி, காதாலேயே செக்கன் பிசகாமல் நேரம் வைக்கிறார்.

"இது கட்டைபறிச்சானுக்கு அங்காலை இருக்கிற என்ரை சிநேகிதன்ரை. அவருக்கும் கண் தெரியாது. நாளைக்கு மூதூருக்குப் போறீங்கள்தானே, கொண்டுபோய்க் குடுப்பீங்களோ?"

"ஓம்" என்றுவிட்டேன். பிறகுதான் மணிக்கூடு வாய் திறந்தது. அரை மணித்தியாலம் பிந்திய நேரம்! இங்கே அரசாங்கம் மாற்றிய புதிய நேரம். அந்தச் சிநேகிதர் இருக்கும் புலிகளின் பக்கத்தில் இன்னமும் பழைய நேரம். செக்பொயின்டில் இது பேசினால் என்னை எந்தப் பக்கத்து ஆள் என்று நினைப்பார்கள்?

மறுநாள் படகேறும் முன் இறங்குதுறைத் தேநீர்க் கடையில் ஒதுங்கி, நிமிடப் பொத்தானை முப்பது தடவை அமத்திப் புதிய நேரமாக்கினேன். சனியன், ஒவ்வொரு தடவையும் உரத்து நேரம் சொன்னது! செக்பொயின்டில் இராணுவத்தினன் அமத்திக் கேட்டான், தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான், விட்டான். மூதூரில் அண்ணர் சொன்ன கடையில் கொடுத்தேன். மாற்றியதை யாரிடமும் மூச்சுவிடவில்லை. அரை மணித்தியாலத்தில் என்ன குடிமுழுகிவிடும்?

போன கிழமை தெரிந்தது. இராணுவக் காவலரண் திறந்திருக்கும் என்று மணிக்கூட்டை நம்பி, அந்தச் சிநேகிதர் அரை மணித்தியாலம் முந்திப் போயிருக்கிறார். இன்னும் விடியவில்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்? தலைக்கு மேலால் சுட்டிருக்கிறார்கள். வயல் சேற்றில் விழுந்து கிடந்து உயிர் தப்பினாராம்.

பாலன் அண்ணர் இப்போது ஓயாமல் கம்ப்யூட்டரைச் சோதிக்கிறார். "இதை இனி நம்ப ஏலாது" என்கிறார்.

"வழியிலை ஆரும் மாத்தியிருப்பினமோ அண்ணை?" என்று மெல்லக் கேட்டுப் பார்த்தேன்.

"என்ன கதை இது? கொண்டுபோனது நீங்களல்லோ!"

பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியைக் கிழமைதோறும் அவருக்கு வாசித்துக் காட்டுபவனும் நான்தான்.