அக்கா எழுதியதை நான் வாசித்த நாள்

எங்கள் அன்பு அக்கா பதுளை ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் கடைசிக் காம்பராவில் பிறந்தார். அப்பா சீக்கிரமே காலமாகிவிட்டார். அம்மா கொழுந்தெடுத்து எங்கள் இருவரையும் படிக்க வைத்தார். நான் தோட்டத்து ஆபீசில் கிளாக்கரானேன். அக்கா தோட்டப் பள்ளிக்கூடத்தில், பயிற்சி இல்லாமலே டீச்சரானார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அம்மா பாரிசவாதத்தில் கைகால் விழுந்து படுக்கையானார். பள்ளிக்கூடம் விட்டால் அம்மாவின் கட்டில், கட்டிலை விட்டால் பள்ளிக்கூடம் என்றானது அக்காவின் வாழ்க்கை.

அவருக்கென்று இருந்தது ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு மணிநேரம். வேலை நாட்களில் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவில், கொழுந்தெடுக்கும் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். பாடப்புத்தகம் கிடையாது. அவரவர் சொந்தக் கதையைத்தான் எழுத வேண்டும். எழுதியவர் அதை வாசிக்கக் கூடாது. இன்னொருத்தி ஒரு சொல்லும் விடாமல், "நான்" என்றே வாசிக்க வேண்டும். தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் தினமும் சண்டை போட்ட இருவரில் ஒருத்தி, மற்றவர் தன் குழந்தையைப் பறிகொடுத்த கதையை "என் பிள்ளை" என்று வாசிக்க நேர்ந்தது. அதன்பின் அவர்கள் சண்டை போட்டு யாரும் பார்க்கவில்லை.

இதையெல்லாம் வேலையற்ற வேலை என்று கேலி செய்தவன் நான்.

ஒரு ஞாயிறு, அம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டுமென்று அக்காவைக் கூப்பிடப் போனேன். எனக்கும் இரண்டு கை இருப்பது அன்று தோன்றவில்லை. டீச்சரும் எழுதியே ஆகவேண்டும் என்று பெண்கள் பிடிவாதம் பிடித்ததில், அக்கா ஒரு தாள் எழுதியிருந்தார். யார் வாசிப்பதென்று கூச்சப்பட்டுக்கொண்டிருந்தவர்கள், என்னைக் கண்டதும் கிளாக்கர் ஐயாவே வாசிக்கட்டும் என்றார்கள். அக்கா தடுக்கவில்லை.

"அம்மா படுத்தபின் எனக்கு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைத்தது. பெட்டிகூட அடுக்கிவிட்டேன்" என்று வாசித்தேன். அடுத்த வரியைக் கண்டேன். அதை விட்டுவிட்டுத் தாவினேன். "அடுக்கியதைப் பிரித்து வைத்தேன். அன்றிலிருந்து இந்த வீட்டில் அடைபட்டுக் கிடக்கிறேன்."

பக்கத்தில் இருந்த பெண், ஆறு மாதத்துக்கு முன் தன் பெயரைக்கூட எழுதத் தெரியாதவர், தேயிலைக் கறை படிந்த விரலைத் தாளில் வைத்தார்.

"ஐயா, இங்க ஒரு வரி விட்டுப்போச்சுங்க."

எழுத்து விளங்கவில்லை என்றேன். அக்காவின் எழுத்து அச்சடித்ததுபோல் இருக்கும் என்பது தோட்டத்துக்கே தெரியும். அந்தப் பெண்ணே எழுத்துக் கூட்டி வாசித்தார். "அம்மாவைக் கொன்றுவிட்டுப் போ என்று தம்பி சொன்னான்."

ஒருவரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அக்கா தாளை மடித்துக்கொண்டு அம்மாவைப் பார்க்க நடந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அதன்பிறகும், அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் போங்கள் என்று ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. சொன்னால் என் வசதி கெட்டுவிடும். இரண்டாயிரத்துக்குப் பிறகு அம்மா கண்மூடியபோது அக்கா நாற்பதைத் தாண்டியிருந்தார். மறுபடி விண்ணப்பிக்க அவருக்கு மனமில்லை.

பதுளை ஆஸ்பத்திரியில் அக்காவின் கடைசி நாட்களில், என் மேல் கோபமா என்று கேட்டேன். இல்லை என்பார், நிம்மதியாகிவிடலாம் என்று நினைத்தேன்.

"கோபமெல்லாம் இல்ல தம்பி. ஆனா நான் போயிருக்கணும்."

அக்கா மறைந்து ஓராண்டாகிறது. முறை வைத்துக் கஞ்சி கொண்டுவந்து, தலை வாரிவிட்டு, ஆஸ்பத்திரியில் அவருக்குப் பக்கத்தில் இருந்த வகுப்புப் பெண்களுக்கும், துயரில் துணை நின்ற உற்றார் உறவினர், தோட்டத்து மக்கள், சக ஆசிரியர்கள் எல்லோருக்கும் எங்கள் நன்றி. மரண வீட்டில் பலர், அக்கா தாய்க்காக மனமுவந்து தன் வாழ்க்கையைத் தியாகம் செய்தவர் என்று பேசினீர்கள். அன்பினால்தான் சொன்னீர்கள். ஆனாலும் இனி அப்படிச் சொல்ல வேண்டாம் என்று உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். அக்கா மனமுவந்து இருக்கவில்லை. நான்தான் அவரைப் போக விடவில்லை.

— தம்பி