எட்டுக் கட்டத்துக்குள் ஒரு நடை

நான் படம் வரையப் பழகியது டைப்ரைட்டரில்தான். செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு சைக்கிள் கடையின் மாடியில் இருந்தது எங்கள் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். லோயர், ஹையர் இரண்டையும் அங்கேயே முடித்துவிட்டு, புதிதாகச் சேருகிறவர்களுக்கு விரல் வைக்கச் சொல்லிக்கொடுக்கும் வேலையில் சேர்ந்திருந்தேன். எண்பதுகள் முடியப்போகிற காலம். காலையில் ஒரு கூட்டம் வரும், பள்ளிக்கூடம் விட்டதும் ஒரு கூட்டம் வரும். நடுவில் மதியம் முழுக்க மிஷின்கள் உறை மாட்டிக்கொண்டு கிடக்கும். அந்த நேரத்தில் ஒருபக்கம் அடித்த தாளைத் திருப்பிச் சொருகி, ஜன்னலில் தெரிகிற ராஜகிரிக் கோட்டை மலையை அடித்துப் பார்ப்பேன்.

வெயில் படுகிற இடத்துக்குப் புள்ளி. லேசான நிழலுக்கு கமா. இன்னும் கொஞ்சம் இருட்டுக்கு எம். பாறைக்கும் பாறைக்கும் நடுவிலுள்ள இடுக்குக்கு அந்த எம் மேலேயே ஒரு எக்ஸ். கிட்டத்தில் பார்த்தால் வெறும் எழுத்துதான். நான்கடி தள்ளி நின்றால் மலை உருண்டு திரண்டு நிற்கும். இன்ஸ்டிடியூட் முதலாளி அதில் ஒன்றைச் சுவரில் ஒட்டிவைத்திருந்தார். ஊருக்கே அவர் பாய். கீழே சைக்கிள் கடையும் அவருடையதுதான்.

எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியது நான்தான் முதல். நைனா மார்க்கெட் கமிட்டியில் மூட்டை தூக்குகிறவர். மணிலாக் கடலை சீசனில் அவர் வீட்டுக்கு வருகிறபோது தலைமுடி, புருவமெல்லாம் செம்மண் நிறத்தில் இருக்கும். காலனியிலிருந்து டைப்பு கிளாசுக்கு ஒரு பெண் போகிறாள் என்பதே அப்போது பேச்சு. அங்கேயே சொல்லிக்கொடுக்கவும் தொடங்கியதும் அந்தப் பேச்சு தானாக நின்றுவிட்டது.

பாயின் மூத்த மகன் சிங்கப்பூரில் இருந்தார். கல்யாணத்துக்கு வந்தவர் ஒரு சின்னக் கறுப்புக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தார். நீளமான ஒரு நோட்டுப் புத்தகம் அளவுதான் இருக்கும், ரப்பர் பட்டன்கள். டிவியில் சொருகினால் வேலை செய்யும். அவர் திரும்பிப் போய்விட்டார். விசா வருகிறவரை மனைவி இங்கேதான். கம்ப்யூட்டரை மாடியில் வைத்து 'கம்ப்யூட்டர் கிளாஸ்' என்று ஒரு போர்டு மாட்ட பாய்க்கு ஆசை. யாருக்கு அது தெரியும் என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை. மருமகள் திண்டிவனத்துப் பெண், பி.எஸ்சி. கணக்கு முடித்தவள். கூடவே வந்த புத்தகத்தைப் படித்து அவளே பழகிக்கொள்கிறேன் என்றாள். மதியத்தில் ஆம்பளைகள் யாரும் இருக்கமாட்டார்கள் என்பதால் அந்த நேரத்தில் மாடிக்கு வரத் தொடங்கினாள்.

வந்த முதல் நாளே சுவரில் இருந்த மலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இது யாரு அடிச்சது?"

"நான்தான்."

"அச்சு அசலா இருக்குது. யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்லக்கா. சும்மா, பொழுது போகலன்னு."

அவள் என்னைவிட ஒரு வயதோ இரண்டு வயதோ மூத்தவள். அக்கா என்று வாயில் வந்துவிட்டது, அப்படியே நின்றும்விட்டது. கம்ப்யூட்டரைத் தட்டி, "இதுவும் இதே வேலையத்தான் கேக்குது. கட்டம் கட்டமா நெரப்பணும். எனக்குக் கணக்கு வரும், படம் வராது. நீ வாயேன், ரெண்டு பேருமா ஒரு ஆட்டம் செய்யலாம்" என்றாள்.

அவள் மனதில் இருந்த ஆட்டம் எளிமையானது. ஒரு ஆள் ராஜகிரி மேலே ஏற வேண்டும். வழியில் குரங்குகள் குதிக்கும், கையிலிருக்கும் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிடுங்கப் பார்க்கும். தப்பித்து உச்சிக்குப் போய்விட்டால் ஜெயித்தான். ஏறுவதும் குதிப்பதும் எந்தக் கணக்கில் நடக்க வேண்டும் என்பது அவள் பாடு. ஆளும் குரங்கும் மலையும் என் பாடு.

ஆளுக்குக் கிடைத்த இடம் எட்டுக்கு எட்டு. கிராஃப் தாளில் எட்டு வரிசை, வரிசைக்கு எட்டுக் கட்டம். நிரப்பிய கட்டத்துக்கு ஒன்று, காலிக் கட்டத்துக்குப் பூஜ்யம் என்று அவள் வரிசை வரிசையாக ஏற்றுவாள். டைப்ரைட்டரில் ஒரு முழுத்தாள் இருந்தது எனக்கு. இங்கே ஒரு மனுஷனை ஒரு அரிசி அளவுக்குள் அடக்க வேண்டும். முதலில் கண் வைத்தேன், மூக்கு வைத்தேன், விரல்கூட வைத்துப் பார்த்தேன். டிவியில் ஏதோ ஒன்று தெரிந்தது. டீ கொண்டுவந்த பாய் குனிந்து பார்த்து, "தவளையாம்மா?" என்று கேட்டார்.

அக்கா சிரிக்கவில்லை. "ஒன்னொன்னா எடுத்துப் பாரேன்" என்றாள். கண்ணை எடுத்தேன், ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூக்கையும் விரலையும் எடுத்தேன். எடுக்க எடுக்க அவன் மனுஷனாகிக்கொண்டே வந்தான். தலை, அதற்குக் கீழே ஒரு கட்டம் ஒடுங்கினால் கழுத்து, முதுகின் கோடு, இரண்டு காலுக்கு நடுவில் வெளிச்சம். அது போதும். மிச்சத்தைப் பார்க்கிறவன் கண்ணே போட்டுக்கொள்கிறது. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. இன்றைக்கும் ஒரு படம் சரியில்லை என்றால் முதலில் எதை எடுக்கலாம் என்றுதான் பார்க்கிறேன்.

அடுத்தது நடை. காலை அகட்டிய படம் ஒன்று, சேர்த்த படம் ஒன்று, மாற்றி மாற்றிக் காட்டினால் நடப்பான் என்று நினைத்தோம். அவன் சோப்புத் தண்ணீரில் கால் வைத்தவன் மாதிரி போனான்.

"வழுக்கினு போறான்" என்றாள் அக்கா. "எங்கியோ தப்பு. கணக்குல இல்ல."

அப்போது ஒரு அமாவாசை வந்தது. மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டம் முழுக்க எங்கள் ஜன்னலுக்குக் கீழேதான் பஸ் மாறும். ஸ்பெஷல் பஸ் வர வர ஜனம் ஓடும், நிற்கும், திரும்பி நடக்கும். இடுப்பில் பிள்ளை வைத்திருந்தவள் ஒருபக்கமாகச் சாய்ந்து போனாள். வேப்பிலைக் கட்டோடு வந்த கிழவர் காலைத் தேய்த்துத் தேய்த்துப் போனார். வேலைக்காக இப்படி மனுஷர்களைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. பார்த்துக்கொண்டே இருந்தபோது எல்லாருக்கும் பொதுவாக ஒன்று பிடிபட்டது. எதிர்வீட்டு மதிலுக்கு அப்பால் தெரிந்த தலைகள் எல்லாம் ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போயின. கால் அகலும்போது ஆள் தாழ்கிறான், கால் சேரும்போது உயர்கிறான்.

ஜன்னலிலிருந்து ஓடிவந்து, கால் சேர்ந்த படத்தை ஒரே ஒரு கட்டம் மேலே தூக்கினேன். அக்கா எண்களை மாற்றி ஏற்றினாள். டிவியில் அவன் நடந்தான். தரையில் கால் பாவி, ஊரில் வேலை இருக்கிறவன் மாதிரி நடந்தான். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் விடவில்லை.

அப்புறம் நிறம். எட்டுக்கு எட்டு இடம் ஒன்றுக்குள் இரண்டு நிறத்துக்கு மேல் அந்தக் கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ளாது. நம் ஆள் மரத்துப் பக்கம் போனால் அவனும் பச்சையாகிவிடுவான். அக்கா அதைக் கணக்கில் சரிசெய்யப் பார்த்துத் தோற்றுப்போனாள். நான் மரங்களைத் தள்ளி நட்டேன். அவன் போகிற பாதைக்குப் பின்னால் வெறும் கறுப்பு, மலையும் மரமும் அதற்கு அப்பால். மலைக்கு டைப்ரைட்டர் பாடமே போதுமானதாக இருந்தது. வெயில் பக்கம் புள்ளியைத் தூரத் தூரத் தூவி, நிழல் பக்கம் நெருக்கினால் பாறை உருண்டுவிடும்.

கரண்ட் நினைத்தபோது போகும். போனால் ஏற்றியதெல்லாம் போச்சு. கேசட்டில் பதிந்து வைக்கலாம்தான், ஆனால் அதற்கான டேப்ரெக்கார்டரைப் பாயின் வீட்டில் பாட்டுக் கேட்கவும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அக்காதான் போய்க் கெஞ்சி வாங்கிவருவாள். கரண்ட் இல்லாத மதியங்களில் அவள் வீட்டிலிருந்து டீ வரும், சில நாள் சேமியாவும் வரும். அவளுக்கும் எனக்கும் வருகிற டீ கிளாஸ் ஒரே மாதிரி இருக்கும். மற்ற வீடுகளில் எனக்கு அப்படி இருந்ததில்லை. அவளிடம் அதை நான் சொன்னதில்லை, அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது.

மலை ஏறுகிற நடை மட்டும் எனக்குச் சுலபமாக வந்தது. லாரியில் சாய்த்த பலகை மேல் நைனா மூட்டையோடு ஏறுவதைச் சின்ன வயசிலிருந்து பார்த்திருக்கிறேன். முதுகை வளைத்து, கழுத்தை முன்னால் நீட்டி, முட்டியை மடக்கி வரைந்தேன். பார்த்தவர்கள் எல்லாரும் அந்த ஏற்றத்தைத்தான் சொன்னார்கள். "மூச்சு வாங்குது பாரு" என்பார்கள்.

ஆட்டம் முடிந்து, போர்டு மாட்டிய நாளன்று பாய் எல்லார் வீட்டு ஆட்களையும் வரச்சொன்னார். நைனா குளித்துவிட்டு வெள்ளைச் சட்டையில் வந்தார். மாடிப்படி முடிகிற இடத்திலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுவிட்டார். பாய் எழுந்து அவரிடம் போனார்.

"உள்ள வாங்க. செருப்பப் போட்டுக்கினே வாங்க, இங்க வுட்டா காணாம பூடும்."

டிவிக்கு நேர் எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்தார். அக்கா ஆட்டத்தை ஓடவிட்டாள். ஆள் ஏறத் தொடங்கினான். நைனா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இது நான்தானே?"

நான் அவரிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. "எப்படி நைனா தெரிஞ்சது?"

"முன்னாடி ஏர்றவன் முதுகப் பாத்துக்கினுதான பலகையில ஏர்றோம். எல்லாருக்கும் இதே முதுகுதான்." திரும்பவும் டிவியைப் பார்த்தார். "மூட்டை எங்க?"

"மூட்டை இல்ல நைனா. அவன் கோட்டை பாக்கப் போறான்."

"அப்ப இன்னாத்துக்குக் குனியறான்? மூட்டை இல்லன்னா நான் நிமுந்துதான் போவேன், பாப்பா."

கோபமாகச் சொல்லவில்லை. குழம்பில் உப்பு குறைவு என்று சொல்வது மாதிரிதான் சொன்னார். பாய் சிரித்தார், நைனாவும் கூடச் சிரித்தார். எனக்குத்தான் டிவியைப் பார்க்க முடியவில்லை. வேலை செய்கிற நைனாவை மட்டும்தான் நான் இத்தனை வருஷமாகப் பார்த்து வைத்திருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கோட்டைக்குப் போகலாம் வா நைனா என்றேன். "அங்க இன்னா இருக்குது, குரங்குதான்" என்றார், ஆனால் வந்தார். நான் வேண்டுமென்றே பின்னால் நடந்தேன். நைனா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மார்பை நிமிர்த்தி, அவசரமே இல்லாமல் ஏறினார். கொஞ்சம் ஏறுவார், நிற்பார், இந்தப் பக்கம் திரும்பி ஏரியைப் பார்ப்பார், அந்தப் பக்கம் திரும்பி எதிர் மலையான கிருஷ்ணகிரியைப் பார்ப்பார். "எவன் தூக்கினு வந்தானோ இத்தினி கல்லையும்" என்றார் ஒரு இடத்தில். அவர் அப்படி நடந்து நான் பார்த்ததே இல்லை.

திங்கட்கிழமை முதுகை நிமிர்த்தினேன். கைக்கான கட்டத்தை முன்னாலிருந்து எடுத்துப் பின்னால் வைத்தேன். "நிக்கும்போது ரெண்டு பக்கமும் பாக்கணும்க்கா" என்றேன். அவள் காரணம் கேட்கவில்லை, கணக்கை மாற்றினாள். கிளாசுக்கு வந்த பிள்ளைகள் குரங்குக்குத் தப்பிக்கிற அவசரத்திலும் நடுவழியில் அவனை நிற்கவைத்து, அவன் தலை திரும்புவதைப் பார்ப்பார்கள்.

அக்காவுக்கு விசா வந்தது. போவதற்குள் எண் ஏற்றுவதிலிருந்து ஆளை நகர்த்துவதுவரை எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டாள். கம்ப்யூட்டரை இங்கேயே விட்டுவிட்டுப் போனாள். "அங்க வேற வாங்கிக்கலாம். இத வெச்சிக்கினு சும்மா இருக்காத" என்றாள். கிளாஸ் எடுக்கப் பாண்டிச்சேரியிலிருந்து வந்துகொண்டிருந்த ஒருவர், எங்கள் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, அங்கே ஒரு இடத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டரில் பாடமும் விளையாட்டும் செய்கிறார்கள், படம் போட ஆள் தேடுகிறார்கள் என்று சொன்னார்.

சீசன் நேரம் என்பதால் நைனாவால் வர முடியவில்லை. பாய்தான் கடையைப் பூட்டிவிட்டு என்னோடு பாண்டிச்சேரிக்குப் பஸ்ஸில் வந்தார். அங்கே இருந்தவர், எந்த ஓவியப் பள்ளியில் படித்தாய் என்று கேட்டார். டைப்ரைட்டிங் ஹையர் என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு, ஒரு நாய் ஓடுகிற மாதிரி செய்துகாட்டச் சொன்னார். கொஞ்சம் வெளியே போய்விட்டு வரட்டுமா என்று கேட்டேன். தெருவில் ஒரு நாய் படுத்துக்கொண்டிருந்தது. பாய் தன் கையிலிருந்த பன்னில் பாதியைத் தூரமாக வீசி வீசி அதை ஓடவைத்தார், அந்த வயதில், நடுத்தெருவில். நான் அதன் முதுகு வளைந்து நிமிர்வதைப் பார்த்துக்கொண்டேன். உள்ளே போய் அதை அப்படியே செய்துகாட்டினேன். அன்று மாலையே என்னை வேலைக்கு வரச்சொல்லிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஆட்டங்களுக்கு வரைந்துவிட்டேன். கருவிகள் மாறின, கட்டங்கள் கண்ணுக்கே தெரியாத அளவுக்குப் பொடியாகிவிட்டன. கற்றது எல்லாம் அந்த மாடியில்தான். கேட்டதும் கிடைத்தது, கேட்காததும் கிடைத்தது.

வேலை கிடைத்த அன்று, திரும்பி வந்த பஸ் செஞ்சியில் நின்றதும் நான் வீட்டுக்குத் திரும்பப் பார்த்தேன். பாய் விடவில்லை, நேராக மார்க்கெட் கமிட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனார். "நீ சொல்லாத, நான் சொல்றேன்" என்றார். நைனா மூட்டையை இறக்கிவிட்டு வந்து, துண்டில் கையை நன்றாகத் துடைத்துவிட்டு, பாயின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர்கள் பேசியது எனக்குக் கேட்கவில்லை, பக்கத்தில் ஒரு லாரி உறுமிக்கொண்டு நின்றது. லாரி கிளம்பிப் போன பிறகும் இரண்டு பேரும் கையை விடாமல் நின்றுகொண்டிருந்தார்கள்.