வேன் போச்சு, பாவு தப்பிச்சது

எங்கள் தெருவில் யாரோ விட்டுவிட்டுப் போன அந்த ஓட்டை வேனை இழுத்துப்போக இன்று காலை நகராட்சி வண்டி வந்தேவிட்டது!

அதை எடுக்கச் சொல்லித் தெருவே கொடுத்த மனுவில் முதல் கையெழுத்து நெசவுக்கார ஏழுமலையுடையது. தறிக்கு ஏற்றும் நீள நூலான பாவு விரிக்க இடமில்லை என்று டீக்கடையில் தினமும் கத்தினவர்.

வேனில் கொக்கியை மாட்டினதும் அவரே லுங்கியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"நிறுத்துங்க சார்! பாவ அதுலதான் கட்டி வச்சிகீறேன்!"

பார்த்தால், தெரு நீளத்துக்கு விரித்த பட்டுப் பாவின் ஒரு முனை வேன் பம்பரில் இருக்கிறது. கல்யாணப் புடவைக்கான பாவு. வேன் நகர்ந்தால் அத்தனை இழையும் அறுந்துவிடும்.

வண்டியோடு வந்த அதிகாரி பேஜாராகிவிட்டார். "எடுக்கச் சொல்லி எழுதினதே நீங்கதானே?"

"ஆமாங்க. நெஜமாவே வருவீங்கன்னு யாருக்குங்க தெரியும்?"

நான் சும்மா இருப்பேனா? "சார், ஏழுமலையையும் சேத்து இழுத்துகினு போங்க. தெரு ஜல்தியா சுத்தமாயிடும்!"

"யோவ் பெருசு, வாய மூடிகினு வந்து பாவப் புடி!"

முடிச்சை அவிழ்த்தார்கள். வேன் போய்விட்டது. அது நின்ற இடத்தில் இப்போது பாவின் முனையைக் கட்டின கழியைப் பிடித்துக்கொண்டு நான் நிற்கிறேன். ஒரு கையால்தான் இதை ஃபோனில் தட்டுகிறேன்.

என்னையும் இழுத்துப்போகச் சொல்லி யாரும் மனு போட்டுவிடாதீர்கள். அவர்கள் வந்துவிடுகிறார்கள்!