மிட்டாய்ப் பாக்கெட்டில் வந்த என் படம்

வேகப்பந்து போடுறவனுக்குத் தோள்வலி பழகிடும். பேட் பிடிக்கிறவனுக்குக் கிடைக்கிற கைதட்டல்தான் கடைசி வரைக்கும் பழகாது. பந்து போட்டுப் பட்டவங்க யாராவது இருந்தா, என் வயித்தெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

போட்டோ பிடிச்ச நாள்

அறுபதுகள்ல திருச்சி மிட்டாய் கம்பெனி ஒண்ணு, பாக்கெட்டுக்கு ஒரு உள்ளூர் கிரிக்கெட்காரர் படம் வெச்சு வித்தது. ஸ்ரீரங்கத்து ரங்கராஜன் பேட்டைத் தோள்ல சாய்ச்சு, மாப்பிள்ளை மாதிரி சிரிச்சுக்கிட்டு நின்னான். எதிர் டீம் பவுலரான நான், "சும்மா நிக்க நான் என்ன விளக்குக் கம்பமா? ஓடி வந்து போடுறேன், எடுங்க"ன்னேன். அச்சாகி வந்தா, தூக்கின கை மூஞ்சியை முழுசா மறைச்சிருக்கு. போட்டோகிராபர் அலட்டிக்கவே இல்லை. "கை நல்லா விழுந்திருக்குங்க சார்."

காந்தி மார்க்கெட் பாய் கடை

பாக்கெட்டைப் பிரிச்ச ஒருத்தர், என் படத்தைக் கடைக்கார பாய்கிட்டே திருப்பிக் கொடுத்து, ரங்கராஜன் படம் கேட்டார். பக்கத்துல நின்ன எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. "இவரும் நல்ல பவுலர்தாங்க"ன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இருக்கட்டுங்க. மூஞ்சியைக் காட்ட மாட்டேங்கிறாரே, ஏன், போலீஸ் தேடுதா?"

ரங்கராஜனின் தாராளம்

ஒரு மேட்ச்சுக்கு முன்னாடி அவனே என்கிட்டே வந்தான். குரல்ல கிண்டல்கூட இல்லை, நிஜமான இரக்கம். அதுதான் எனக்குத் தாங்கலை. "ஓய், உம்ம படம் எங்காத்துல நிறையக் கிடக்கு, யாரும் மாத்திக்க மாட்டேங்கறா. எடுத்துண்டு வரட்டுமா?"

டிரங்குப் பெட்டி

கல்யாணமான புதுசு. எடமலைப்பட்டி புதூர்ல குடித்தனம். என் மனைவி கமலா பெட்டியைத் திறந்தா, மூடியோட உள்பக்கம் சோத்துப் பருக்கை வெச்சு ஒட்டின ரங்கராஜன்! என் படம் தேடினாலும் இல்லை. முறைச்சேன். "அது நீங்கதான்னு யாருக்குங்க தெரியும்? வெறும் கைதானே இருந்தது"ன்னாள். இருடி, உன் கண் முன்னாலேயே அவனைக் காலி பண்றேன், நீயே அந்தப் படத்தைக் கிழிச்சுப் போடுவே பாருன்னு மனசுக்குள்ள கறுவிக்கிட்டேன்.

அடுத்த மேட்ச்சுக்கு அவளைக் கூட்டிக்கிட்டுப் போனேன். ரங்கராஜன் வந்து நின்னதும் நான் போட்ட முதல் பந்துலயே நடு ஸ்டம்ப் எகிறிச்சு. உயிரைக் கொடுத்துப் போட்ட பந்துங்க அது! வீட்டுக்கு வந்து, இப்பவாவது நாலு வார்த்தை நல்லதாச் சொல்லுவாளான்னு அவ மூஞ்சியையே பார்த்துக்கிட்டிருந்தேன். காபியை நீட்டிக்கிட்டே சொன்னாள்: "பாவங்க அவர். இன்னும் கொஞ்ச நேரம் ஆட விட்டிருக்கலாம்."

மைதானத்துலேருந்து அவனை எத்தனையோ தடவை வெளியே அனுப்பியிருக்கேன், எங்க வீட்டுப் பெட்டியிலேருந்துதான் இன்னிக்கு வரைக்கும் அனுப்ப முடியலை.