தாய்க்கும் மகனுக்கும் மொழிபெயர்த்த சனிக்கிழமைகள்

“இந்த ஆன்ட்டி யாரு?” என்று பையன் ஆங்கிலத்தில் கேட்டான்.

நீதிபதியின் அறை அது. எட்டு வயதுக் கபிலனுக்கு எதிரே அவனைப் பெற்ற பார்வதி உட்கார்ந்திருந்தார். நடுவில் நான், மலேசியாவில் ஈப்போ கோர்ட்டின் தமிழ் மொழிபெயர்ப்பாளன். கேட்டதைக் கேட்டபடி சொல்வதுதான் என் வேலை. கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. கொலை வழக்குகளில்கூட என் குரல் தடுமாறியதில்லை. அன்று அந்தக் கேள்வியைத் தமிழில் சொல்லத் தடுமாறினேன்.

பார்வதி அழவில்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

“நான்தான் அம்மான்னு இப்பச் சொல்லிப்புடாதீங்க அண்ணே. மெரண்டுருவான். சாப்பிட்டானான்னு மட்டும் கேளுங்க.”

நீதிபதிக்கு அதை மலாயில் சொன்னேன். பையனுக்கு மலாய் தெரியாது. நீதிபதி தலையசைத்தார். “காலையில் என்ன சாப்பிட்டாய்?” என்று நான் ஆங்கிலத்தில் கேட்க, அத்தை வீட்டு இட்லியைப் பற்றிக் கபிலன் ஏதோ குறை சொன்னான். அதையும் மொழிபெயர்த்தேன். பார்வதி சிரித்தார். அவன் பிறந்த கதையை நீதிபதியே பிறகு மெல்ல அவனுக்குச் சொன்னார்.

இது எண்பதுகளின் நடுவில் நடந்தது. பார்வதி சிலிம் ரிவர் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது குடும்பம் சிம்பாங் பூலாய்க்கு வந்துவிட்டது. அங்கே ஒரு பள்ளிக் கேன்டீனில் சமையல் வேலை. கணவர் பாலேந்திரன் யாழ்ப்பாணத்துக் குடும்பம், மருத்துவமனை ஊழியர். வீட்டாரை எதிர்த்துச் செய்துகொண்ட கல்யாணம். நர்சிங் படிக்க இங்கிலாந்து போனவர், ஒரு விடுமுறையில் வந்து மூன்று வயதுப் பிள்ளையைக் கூட்டிப்போனார். “நீ பிறகு வா” என்றவர் அங்கேயே விவாகரத்தும் வாங்கிவிட்டார். ஐந்து வருடம் கழித்து, பிள்ளையோடு தன் அக்காள் வீட்டுக்கு, ஈப்போ பக்கம் தஞ்சோங் ரம்புத்தானுக்கு, அவர் வந்திருப்பது தெரிந்ததும் பார்வதி வக்கீலைப் பிடித்தார். பையனின் பாஸ்போர்ட்டைக் கோர்ட்டு வாங்கி வைத்துக்கொண்டது.

பாலேந்திரனின் வக்கீல் வாதம் சுருக்கமாக இருந்தது. “பெற்ற தாய்தான், மறுக்கவில்லை. ஆனால் இரண்டு பேருக்கும் பொது மொழியே இல்லை. பேச முடியாதவரிடம் பிள்ளையை எப்படி விடுவது?”

அதில் நியாயம் இருந்தது. நீதிபதி முடிவு சொல்லவில்லை. கஸ்டடி யாருக்கு என்பதைத் தள்ளிவைத்து, சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்தபின் கோர்ட்டிலேயே தாயும் மகனும் சந்திக்கட்டும் என்று உத்தரவிட்டார். நானும் கூட இருக்க வேண்டும்.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. சாட்சி ‘நான்’ என்றால் மொழிபெயர்ப்பாளனும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். முதல் சனிக்கிழமை பார்வதி, “ஒன்ன இடுப்புல தூக்கிக்கிட்டுதான் பாசாருக்குப் போவேன். என் தோள்லயே தூங்கிருவ” என்றார். அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். கபிலன் என் மீசையைப் பார்த்தான், தொப்பையைப் பார்த்தான்.

“நீங்களா என்னைத் தூக்கினீங்க?”

“என்னா சொல்றான் அண்ணே?”

சொன்னேன். பார்வதி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அவர் சிரிப்பதைப் பார்த்துப் பையனும் சிரித்தான். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி இடப்பக்கம் கன்னம் குழிந்தது. அன்றைக்கு அதற்குமேல் எனக்கு அதிகம் வேலை இல்லை.

அதற்குப் பிறகு பேச்சு தானாக ஓடியது. அவர் ஒன்றைக் காட்டித் தமிழில் சொல்வார், அவன் ஆங்கிலத்தில் சொல்வான். மூன்று வயதுவரை பேசிய தமிழ் அவனுக்குள் எங்கோ கிடந்திருக்கிறது. அத்தை வீட்டுப் பேச்சும் சேர்ந்து அதைக் கிளப்பிவிட்டது. சில வாரம் கழித்து, பார்வதி அவனைத் தன் வீட்டுக்கே அழைத்துப்போக நீதிபதி அனுமதித்தார். நான் போகவில்லை.

கடைசி விசாரணைக்கு எல்லாரும் நீதிபதியின் அறையில் கூடினோம். யாரிடம் இருக்க விரும்புகிறாய் என்று நீதிபதி கேட்பார் என்று நினைத்தேன். அவர் அதைக் கேட்கவில்லை. “சனிக்கிழமைகளில் என்ன செய்கிறாய்?” என்றார். கபிலன் ஆங்கிலத்தில் உற்சாகமாகத் தொடங்கினான். மாவை உருட்டினோம், நடுவில் ஓட்டை போட்டோம், எண்ணெயில் போட்டோம். அந்தப் பண்டத்தின் பெயர் வரவில்லை. சட்டென்று பார்வதியின் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டான்.

“அம்மா, அது பேரு என்னா?”

“உளுந்து வடைலா.”

பையன் என்ன சொன்னான் என்று நீதிபதி என்னைக் கேட்டார். “அம்மா, அதன் பெயர் என்ன?” என்று மொழிபெயர்த்தேன். பின்னால் இருந்த பாலேந்திரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வெளியே நடையில் தன் வக்கீலிடம் அவர் சொன்னது எனக்குக் கேட்டது. “நான் அவனோட வீட்டில தமிழ் கதைச்சிருக்கலாம். இங்கிலீஷ் வந்தாப் போதும் எண்டு இருந்திட்டன். வழக்கு வேண்டாம். இங்கயே இருக்கட்டும்.”

பார்வதி அவரிடம் நேராகப் போனார். “ஒங்கள விட்டுப் பிரிச்சு வெக்கல. பெரிய லீவுக்கு அங்க கூட்டிட்டுப் போங்க. திரும்பக் கொண்டாந்து விட்டுருங்க, அது போதும்.”

அப்படியே உத்தரவானது. அடுத்த பெரிய லீவுக்குப் பையன் கிளம்பியபோது பார்வதியிடம் கேட்டேன். “பயமா இல்லையா?”

“பயந்தான் அண்ணே. முன்ன தூக்கிட்டுப் போனப்ப அவனுக்கு ஒண்ணும் தெரியாது. இப்ப அம்மா யாரு, எங்க இருக்கான்னு தெரியும்ல.”

பாலேந்திரன் சொன்னபடி கொண்டுவந்து விட்டார். அடுத்த ஆண்டும் வந்தார்.

பிறகு வேலைக்கு வந்த இளையவர்களுக்கு நான் சொன்னது இதுதான். கோர்ட்டில் ஒரு சொல்லையும் விடாதீர்கள். ஆனால் தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் உட்கார வைத்தால், நாற்காலியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு நகர்த்துங்கள். அவர்கள் உங்களைத் திரும்பிப் பார்க்காத நாளில், எழுந்து போய், நுரை பொங்க ஆற்றிய டீ, ஒரு தே தாரே குடியுங்கள்.