தூங்குகிற எலிக்கு வலி இல்லையாம்

எலி அறையில் வேலை பார்ப்பவள் பூ வைத்துக்கொள்ளக் கூடாது. பவுடர் கூடாது, வாசனை எண்ணெயும் கூடாது. புது வாசனை வந்தால் எலி மிரண்டுவிடும். மிரண்ட எலியைச் சோதித்து ஒரு பிரயோஜனமும் இல்லை. அதனால் பதினோரு வருடமாக வெள்ளிக்கிழமை கூட வெறுந்தலையோடுதான் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குப் பஸ் ஏறுகிறேன். ஆரம்பத்தில் பஸ் ஸ்டாப்பில், “ஏம்மே, ஊட்ல எதுனா துக்கமா?” என்று கேட்பார்கள். இப்போது பழகிவிட்டது.

பழகாதது எதிர்வீட்டு அக்காவின் கேள்விதான். “எலிக்கு ஊசி போட்டு, காலைக் குத்திக்கினு... அய்யே, பாவம் இல்லியா? எப்டித்தான் சோறு எறங்குதோ உனுக்கு.” இந்த அக்கா தன் வீட்டு அடுப்படியில் பசை அட்டை வைத்திருக்கிறார். எலி அதில் ஒட்டிக்கொண்டு இரண்டு நாள் கத்திச் சாகும். நான் தினமும் அந்தக் கத்தலைக் கேட்டுக்கொண்டே பால் வாங்கப் போவேன். பாவ புண்ணியம் எனக்கு மட்டும்தான் போலிருக்கிறது.

பாவம் இல்லை என்று நான் சொல்லவில்லை. எங்கள் கம்பெனியின் வேலை, வெளிநாட்டுக்காரர்கள் கண்டுபிடிக்கும் மருந்தை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்து ரிப்போர்ட் அனுப்புவது. நரம்பு வலி மருந்து என்றால், முதலில் எலிக்கு மயக்கம் கொடுத்துக் கால் நரம்பு ஒன்றை நூலால் கட்டுவார்கள். சில நாளில் அந்தக் காலில் லேசாகத் தொட்டாலே வலிக்கும். கம்பிவலை மேல் எலியை விட்டு, அது அடங்கும்வரை காத்திருந்து, கீழேயிருந்து ஒரு நைலான் இழையால் உள்ளங்காலைத் தொடுவேன். மெல்லிய இழையில் ஆரம்பித்து வரவரத் தடித்த இழை. காலை வெடுக்கென்று தூக்கி உதறினாலோ நக்கினாலோ வலிக்கிறது என்று அர்த்தம். எந்த இழைக்குத் தூக்கியதோ அந்த இழையின் எண்ணைக் கட்டத்தில் போட வேண்டும். கடைசி இழைக்கும் தூக்காவிட்டால் கடைசி எண், அதாவது மருந்து வேலை செய்கிறது.

அந்த எலிக்கு வலியைக் கொடுத்தது நாங்கள். அது வாய் திறந்து சொல்லாததை, உள்ளது உள்ளபடி எழுதி வைப்பது ஒன்றுதான் என்னால் அதற்குச் செய்ய முடிந்த நியாயம். அதிலும் கை வைத்தால் எனக்குக் கோபம் வராதா?

சமீபத்தில் ஒரு மருந்து வந்தது. கூண்டுகளில் சிவப்பு, பச்சை, நீலம் என்று ஸ்டிக்கர். எதில் புது மருந்து, எதில் பழைய மருந்து, எதில் வெறும் தண்ணீர் என்று எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். எங்கள் பிரிவுத் தலைவர் அவசரத்தில் தானே இழையால் தொட்டுப் பார்த்தார். நீல ஸ்டிக்கர் எலிகள் கடைசி இழைக்கும் காலைத் தூக்கவில்லை. அவருக்கு முகமெல்லாம் பல். என்னைவிட வயதில் சின்னவர், பெரிய படிப்பு. “சூப்பர்க்கா! நீலம்தான் மருந்து. என்னமா வேலை செய்யுது பாருங்க!”

நான் குனிந்து பார்த்தேன். எலிகள் கண்ணைப் பாதி மூடி, முன்னங்கால் மேல் முகத்தை வைத்துக் கிடந்தன. வலையைத் தட்டினேன். ஒன்றுகூடத் திரும்பவில்லை.

தூங்குகிற எலியைத் தொடக் கூடாது, விழிக்கும்வரை காத்திருக்க வேண்டும். சேர்ந்த முதல் வாரமே சொல்லிக்கொடுத்த பாடம் இது. சாயங்காலம்வரை காத்திருந்தேன். நீலம் விழிக்கவே இல்லை. எண்ணுக்கான கட்டங்களைக் காலியாக விட்டு, பக்கத்தில் ‘தூங்குகிறது’ என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதினேன்.

“என்னக்கா இது? கால் தூக்கலல்ல? அப்ப நம்பர் போடுங்க.”

“முழிச்சிக்கினு இருந்து தூக்கலன்னா போடுவேன் சார். இது தூங்குது.”

“வலி இருந்தா தூக்கம் வருமா? வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் போகணும். காலைல மாத்திடுங்க மேடம்.”

சந்தோஷத்தில் அக்கா, கோபத்தில் மேடம். அது அவர் வழக்கம்.

அன்று சாயங்காலம் கணவரைக் குமணன்சாவடியில் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டியிருந்தது. அவர் எஸ்டேட்டில் தகடு அடிக்கும் பிரஸ் மெஷினில் நிற்பவர். சர்க்கரையில் இரண்டு பாதமும் எரியும். மிளகாய்த்தூளில் நிற்கிற மாதிரி இருக்கிறது என்பார். போன மாதம் இதே டாக்டர் அவரைக் கண்ணை மூடச் சொல்லி உள்ளங்காலில் ஒரு நைலான் இழையை வைத்து, “தெரியுதா? இப்போ?” என்று கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் எலிக்கு வைக்கும் அதே மாதிரி இழை.

போன மாதம் அவர் கொடுத்த மாத்திரையில் எரிச்சல் அடங்கியது உண்மை. மனிதரும் அடங்கிவிட்டார். சோற்றுத் தட்டின் முன்னால் தூங்கினார். பஸ்ஸில் ஸ்டாப்பைத் தாண்டிப் பூந்தமல்லி டிப்போவரை போய் இறங்கினார். முந்தின நாள், மெஷின் இறங்கும்போது கையை உள்ளே விட்டபடி கண் அசந்திருக்கிறார். பக்கத்தில் நின்றவர் சட்டையைப் பிடித்து இழுத்ததால் ஐந்து விரலும் மிச்சம்.

டாக்டர் சீட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “எரிச்சல் எப்படி?”

“கொறஞ்சிடிச்சி சார்,” என்றார் இவர், கண்ணைக் கசக்கிக்கொண்டு.

‘நல்ல முன்னேற்றம்’ என்று டாக்டர் எழுதியே முடித்துவிட்டார். எனக்கு வந்ததே ஆத்திரம்!

“தூங்குறாரு டாக்டர். நாள் பூரா தூங்குறாரு.”

“ஆரம்பத்துல அப்படித்தான்மா இருக்கும். பழகிடும்.”

“பழகறதுக்குள்ள கை பூடும். பிரஸ் மெஷின்ல நிக்கிறாரு. நேத்து கொஞ்சத்துல தப்பிச்சாரு. அத எழுதுனீங்களா நீங்க?”

வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்திவிட்டேன். அப்போதுதான் டாக்டர் நிமிர்ந்து இவர் முகத்தைப் பார்த்தார். என்ன வேலை என்று அதுவரை அவர் கேட்கவே இல்லை. மாத்திரையைப் பாதியாகக் குறைத்து, வேலை முடிந்து வந்த பிறகு போடச் சொன்னார்.

மறுநாள் காலை பிரிவுத் தலைவர் தாளோடு மேஜையருகே நின்றார். எங்கள் தாளில் எதையும் அழிக்கக் கூடாது, கிழிக்கவும் கூடாது. பக்கத்துக்குப் பக்கம் எண் உண்டு. தப்பாக எழுதினால், பழையது படிக்கத் தெரியும்படி நடுவில் ஒரே ஒரு கோடு. பக்கத்தில் கையெழுத்து, தேதி, எதற்காக மாற்றினோம் என்ற காரணம். மாற்றாவிட்டால் வேறு ஆளை வைத்து மாற்றிக்கொள்வதாக அவர் சொன்னார். அந்த வேறு ஆள் காரணத்தில் என்ன எழுதுவார் என்று எனக்குத் தெரியும். ‘கவனப் பிழை.’ என் பதினோரு வருடக் கவனம்!

“குடுங்க சார்,” என்றேன். ‘தூங்குகிறது’ மேல் கோடு போட்டேன். அவர் சொன்ன எண்ணைக் கட்டங்களில் எழுதினேன். கையெழுத்து, தேதி போட்டேன். அவர் முகம் தெளிந்து நகர்ந்துவிட்டார். காரணம் என்ற இடத்தில் எழுத என் இங்கிலீஷ் போதவில்லை, தமிழிலேயே எழுதினேன். ‘எண் போடும்படி பிரிவுத் தலைவர் சொன்னார். எலி தூங்கிக்கொண்டுதான் இருந்தது.’

ஒவ்வொரு பக்கத்தையும் சரிபார்க்க எங்கள் கம்பெனியில் தனியாக ஒரு அம்மா உண்டு. வியாழக்கிழமை மதியம் அந்தத் தாளோடு வந்து என்னிடம் ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்டார். நான் எழுதியதையே திருப்பிச் சொன்னேன். ரிப்போர்ட் நின்றது. எலிகளைச் சுழலும் உருளை மேல் விட்டுப் பார்க்கச் சொன்னார்கள். விழிப்புள்ள எலி அதன்மேல் நடந்துகொண்டே இருக்கும். சிவப்பும் பச்சையும் நடந்தன. நீலம் ஈரத்துணி மாதிரி ஒவ்வொன்றாக நழுவி விழுந்தது.

பிரிவுத் தலைவர் என்னை இப்போது அக்கா என்றும் கூப்பிடுவதில்லை, மேடம் என்றும் கூப்பிடுவதில்லை. என்னைத் தீவன மூட்டைகளைக் கவனிக்கும் ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். இங்கே பூ வைத்துக்கொள்ளலாம். நான் வைப்பதில்லை. பழைய இடத்துக்கே மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன், அந்த எலி அறைக்குத் திரும்பப் போகிறவள் நான்.

மாத்திரை குறைந்ததில் கணவருக்கு எரிச்சல் திரும்பிவிட்டது. ஷிப்ட் முடிந்து வந்தவர் ஷூவைக் கழற்றிவிட்டுப் பாதத்தை ஈரத் தரையில் வைத்துக்கொண்டு, “இன்னா பண்றதுமே, எரியுது,” என்றார். இத்தனை எலிகளின் காலைத் தொட்ட எனக்கு அவர் காலுக்குச் சொல்ல ஒரு மருந்து இல்லை. டாக்டர் சீட்டை எடுத்து, ‘நல்ல முன்னேற்றம்’ மேல் ஒரே ஒரு கோடு போட்டேன். பக்கத்தில் தேதி. கீழே, ‘எரிகிறது. விழித்திருக்கிறார். பத்து விரலும் இருக்கிறது.’