வால்வு மைக்குக்குக் கேட்ட ஏழு ஊக்குகள்

ஒலிப்பதிவுக் கூடத்தில் மைக் வைக்கிறவனுக்குக் காது எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு வாயும் வேண்டும். எனக்கு இரண்டாவது குறைவு. சொல்லக் கூச்சப்பட்டே ஏச்சு வாங்கும் என் போன்றவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

முப்பது நிமிடம்

ஹில்ஸ்பரோவில் நண்பன் ரவியின் வீட்டுக் கராஜ்தான் எங்கள் கூடம். அங்கே ஒரு வால்வு மைக் இருக்கிறது. உள்ளே தங்க முலாம் பூசிய சவ்வு, வெங்காயத் தோலை விட மெல்லியது. பழைய ரேடியோவில் இருப்பதுபோன்ற கண்ணாடி வால்வு சூடேறி நிதானப்பட அரை மணித்தியாலம் வேண்டும். இருபத்தொன்பதாவது நிமிடத்தில் நான் யாரையும் பாட விட்டதில்லை.

அந்தச் சனிக்கிழமை வாசுகி வந்தார். மதுரைக்காரர், பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவர். செவ்வாய்க்கிழமை அவருக்குத் தைராய்டு ஆபரேஷன். குரல் மாறக்கூடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாறிவிட்டால் மாணவர்கள் கேட்டுப் பழக, பதினான்கு சரளி வரிசைகளையும் அன்றே பதிந்தாக வேண்டும். ஒரு மணிக்கு அவர் ஒடாஹுஹுவில் வேலைக்கு நிற்க வேண்டும். இருபதாவது நிமிடத்தில் ரவியிடம் கேட்டார்: "ஐயா மைக்கப் பாத்துக்கிறாரா, இல்ல அடைகாக்குறாரா?"

ஒரு சின்னச் சத்தம்

முதல் வரிசையில், மூச்செடுக்கும் இடத்தில் 'டிக்' என்றது. ரவிக்குக் கேட்கவில்லை. மைக்குக்குக் கேட்டது, அதனால் ஹெட்போனில் எனக்கும் கேட்டது. மூன்றாவது வரிசையில் விளங்கிவிட்டது: சேலைக்குள் கிடந்த தாலிக்கொடியில் ஊக்குகள் ஒன்றோடொன்று தட்டுகின்றன. ஒரு பெண்பிள்ளையிடம் அதை எப்படிச் சொல்வது? ஸ்டாண்டின் மூன்று காலையும் இறுக்கினேன். பிறகு மைக்கை அணைத்துக் கேபிளை மாற்றினேன். அணைத்தால் மறுபடி முப்பது நிமிடம்.

கடைசியில் நிலத்தைப் பார்த்தபடி, "பிள்ளை, கழுத்தில ஏதோ..." என்றேன். அவர் கழற்றித் தந்த ஊக்குகளை எண்ணித் தட்டில் வைத்தேன். ஏழு. "இந்த ஏழு ஊக்கச் சொல்லவா ஐயா, ஒரு மணி நேரமா கேபிளக் கழட்டி மாட்டுனீங்க?"

ஒன்பதாவது வரிசை

அதன் பிறகு ஒரு சாண் தூரத்தில் நின்று, முதலிலிருந்து பதினான்கையும் பாடி முடித்தார். ஸ்பீக்கரில் கேட்டபோது மூச்சின் ஈரம் கூடக் குறையவில்லை. எத்தனையோ மைக் கேட்டிருக்கிறேன். ஒருவரை இப்படி முழுசாக முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது இதுதான். மணி பன்னிரண்டு முப்பத்திரண்டு; வேலைக்கு ஓடினார்.

ஆறு வாரம் கழித்து வந்தார். கழுத்தில் மெல்லிய தழும்பு. வாசலில் நின்றே ஒரு 'ஸ' பிடித்தார். கொஞ்சம் கரகரப்பு, ஆனால் அதே குரல். ரவி கை தட்டிவிட்டான். அவர் உட்கார்ந்து பழைய பதிவைக் கேட்டார். ஒன்பதாவதில் கையை உயர்த்தினார்.

"இங்க மத்யமம் எறங்கிருச்சே. உங்களுக்கு அன்னிக்கே கேட்டுச்சா ஐயா?"

"ஓம்" என்று கொப்பியைக் காட்டினேன். ஒன்பது, மத்யமம், சற்று இறக்கம் என்று குறித்திருந்தேன்.

"எழுதத் தெரியுது, சொல்லத் தெரியலயே! தள்ளுங்க, இப்ப இருக்கிற குரல்லயே பாடுறேன்."

நான் கணக்கு வைத்தவரை அந்த மைக் ஒருவருக்கும் கூச்சப்பட்டு எதையும் மறைத்ததில்லை. அதற்கும் சேர்த்து நான்தான் கூச்சப்பட்டு வருகிறேன்.